கத்திக்கு முன்னால் இடம்



இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்க அழைத்தபோது நான் உடனே இசைந்ததற்கு இதன் பொருளே காரணம். நுண்துளை அறுவை சிகிச்சையில் வேலை செய்வதற்கு உடலுக்குள் இடம் உண்டாக்கித் தரும், ஊதி விரியும் கருவிகளைப் பற்றி இரண்டு நாள் பேசப் போகிறோம். கேமராவைப் பற்றியும் தையல் கருவியைப் பற்றியும் ரோபோவைப் பற்றியும் மாநாடுகள் ஏராளம் நடக்கின்றன. அந்தக் கேமரா பார்ப்பதற்கும் அந்த ரோபோவின் கை திரும்புவதற்கும் உள்ளே ஓர் அறை வேண்டும். அந்த அறையை யார் கட்டுவது, எதனால் கட்டுவது, எவ்வளவு அழுத்தத்தில் கட்டுவது என்பதற்கு நம் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட ஒழுங்காக ஒதுக்கப்படவில்லை.

திறந்த அறுவையில் இந்தக் கவலை மறைந்து கிடந்தது. வயிற்றைப் பெரிதாகத் திறந்தோம். உதவியாளர் ரிட்ராக்டரை இழுத்துப் பிடித்தார். குடலை ஈரமான துணி வைத்து ஒதுக்கினோம். வெளியிலிருந்த கைகளே உள்ளே இடத்தைத் தாங்கின. துளை ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கியதும் அந்தக் கைகள் வெளியே நின்றுவிட்டன. உறுப்புகளோ உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஆரோக்கியமான உடலில் வெற்றிடம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆகவே துளைவழி அறுவையின் முதல் வேலை இடம் உண்டாக்குவது. அது சரியாக அமைந்தால் பாதி அறுவை முடிந்தது என்பேன். அது தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த டெலஸ்கோப்பும் சிவப்புத் திரையைத்தான் காட்டும்.

உடலின் ஒவ்வொரு பகுதியும் இடத்தை ஒவ்வொரு விதமாகத் தருகிறது. மார்புக்கூடு விலா எலும்புகளால் ஆனது. ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவிட்டால் அறை தானாகவே கிடைத்துவிடும். சிறுநீர்ப்பையையும் மூட்டையும் திரவத்தால் நிரப்புகிறோம். கண்புரை அறுவையில் கருவிழிக்குப் பின்னால் உள்ள சில மில்லிமீட்டர் ஆழமான அறை சரிந்துவிடாமல் இருக்க, கொழகொழப்பான பாகுத் திரவத்தைச் செலுத்துகிறோம். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் கண்ணுக்குள் முதலில் ஓர் அறை தாங்கி நிறுத்தப்பட்டது என்று? வயிற்றறைக்கு எலும்புக் கூரை கிடையாது. அங்கேதான் வாயு நுழைந்தது.

1901இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ட்ரெஸ்டனைச் சேர்ந்த கேயார்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியாலேயே உள்ளே பார்த்துக் காட்டினார். வயிற்றுக்குள் நடக்கும் இரத்தப்போக்கைக் காற்றழுத்தத்தால் நிறுத்த முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் அவர் புறப்பட்டார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுத்தம் இடத்தையும் தரும், இரத்தக் கசிவையும் அடக்கும் என்ற இரட்டைப் பயன் அன்றே அவர் எண்ணத்தில் இருந்தது. பின்னால் பலூனைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும். 1910இல் ஸ்டாக்ஹோமில் யாகோபேயஸ் என்பவர் மனித வயிற்றறைக்குள்ளும் கருவியால் பார்த்தார். 1938இல் ஹங்கேரியின் யானோஷ் வெரெஷ் தம் சுருள்வில் ஊசியை வெளியிட்டார். காசநோயாளிகளின் மார்பறைக்குள் காற்றுச் செலுத்த அவர் செய்த அந்த ஊசி இன்று வயிற்றறைக்கு வாயு செலுத்தப் பயன்படுகிறது. கீல் நகரின் குர்ட் செம் தானியங்கி வாயுச் செலுத்தியை உருவாக்கினார். 1980இல் அதே வழியில் குடல்வாலையும் அகற்றினார். 1985இல் எரிக் மூஹே பித்தப்பையை அகற்றினார். அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவை.

வாயுவை நான் குறை சொல்ல வரவில்லை. கார்பன் டை ஆக்சைடு தீப்பற்றாது, இரத்தத்தில் எளிதில் கரையும், மூச்சோடு வெளியேறும். இதைவிடப் பொருத்தமான வாயு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அது கேட்கும் விலையை நம் மயக்கவியல் நண்பர்கள் நன்கு அறிவார்கள். வழக்கமாக நாம் வைக்கும் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம் காதுக்குச் சிறிதாக ஒலிக்கிறது. 15 மி.மீ. என்பது 1,000 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 20 கிலோ எடை. அந்தச் சுமை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கிறது. கரைந்த வாயு இரத்தத்தின் அமிலத் தன்மையைக் கூட்டுகிறது. அறுவைக்குப் பின் தோள்பட்டையில் வலி என்று நோயாளி சொல்வதும் இந்த வாயுவால்தான். இளைஞர் இதைத் தாங்கிக்கொள்வார். இதயமும் நுரையீரலும் தளர்ந்த முதியவர் தாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமா? மூன்று சென்டிமீட்டர் பரப்பில் வேலை செய்வதற்காக வயிறு முழுவதையும் விரித்து வைக்கிறோம். தேவைப்படும் இடத்தில் மட்டும், தேவையான அளவு மட்டும் இடம் உண்டாக்க முடியாதா என்ற கேள்வி இங்கிருந்து பிறக்கிறது.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை நம் நாட்டிலேயே, மும்பையில் கிடைத்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள்.

சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் வயிற்றறைக்குள் இல்லை. அதன் பின்சுவருக்கும் முதுகுத் தசைகளுக்கும் நடுவே, கொழுப்பில் புதைந்து கிடக்கின்றன. திறந்த அறுவையில் சிறுநீரகவியலார் விலாப்பக்கமாகத்தான் போவார்கள்; வயிற்றறையைத் தொட மாட்டார்கள். துளைவழியிலும் அப்படியே போக வேண்டும் என்று லண்டனில் ஜான் விக்கம் போன்றவர்கள் 1970களிலேயே முயன்றார்கள். வாயுவைச் செலுத்தினால் அது கொழுப்பின் இழைகளுக்குள் கசிந்து பரவியதே தவிர ஓர் அறையாகத் திறக்கவில்லை. எனவே உலகம் வேறு வழியில் சென்றது. 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமனும் அவர் குழுவினரும் துளைவழியே முதன்முதலாகச் சிறுநீரகத்தை அகற்றியபோது, வயிற்றறையை வாயுவால் நிரப்பி, குடலை ஒதுக்கித்தான் போனார்கள்.

1992இல் பாம்பே ஹாஸ்பிடலின் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் துர்கா தத் கௌர், அமெரிக்கச் சிறுநீரகவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய கருவி இதுதான்: ஒரு சிவப்பு ரப்பர் கத்தீட்டர், அதன் முனையில் கட்டிய ஓர் அறுவைக் கையுறை, ஊதுவதற்கு பி.பி. பார்க்கும் கருவியின் ரப்பர்க் குமிழ். விலாப்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, அந்தப் பலூனை உள்ளே வைத்து ஊதினார். அழுத்தமானி 110 மி.மீ. வரை ஏறி, பிறகு விரைவாக இறங்கியது. இறங்கியது என்றால் உள்ளே திசு விலகிவிட்டது. பலூனைச் சுருக்கி எடுத்ததும் வாயுவால் திறக்க முடியாதிருந்த இடம் ஓர் அறையாகத் திறந்து நின்றது. அதன்பின் குறைந்த வாயு அழுத்தமே அதைத் தாங்கப் போதுமானதாக இருந்தது. வயிற்றறை தொடப்படவில்லை, குடல் பார்வைக்கே வரவில்லை. உலகெங்கும் சிறுநீரகவியலார் அந்த வழியைப் பின்பற்றினார்கள். இன்றும் அதைக் கௌர் பலூன் என்றே சொல்கிறார்கள்.

ஏன் வாயுவால் முடியாதது பலூனால் முடிந்தது? வாழைத் தண்டின் மட்டைகளைக் கையால் உரித்தவர்களுக்கு இது புரியும்: கத்தி வேண்டியதில்லை, விரலை நுழைத்து அகலமாகத் தள்ளினால் மட்டை தன் இயல்பான மடிப்பிலேயே பிரிந்துவரும். நம் உடலிலும் உறை உறையாக அடுக்குகள் உண்டு; அவற்றின் நடுவே தளர்ந்த இணைப்புத் திசு. வாயு அந்த இழைகளின் இடுக்குகளில் புகுந்து சிதறிவிடுகிறது. பலூனின் சுவர் வாயுவைச் சிதறவிடாமல் ஒன்றாகப் பிடித்து, ஒரு பரப்பாகத் தள்ளுகிறது. தள்ளும்போதே அறுந்த நுண்குழாய்களை அழுத்திக் கசிவையும் நிறுத்துகிறது. கெல்லிங் தேடிய இரட்டைப் பயன் இங்கே ஒரு கையுறைக்குள் கிடைத்தது.

கையுறை விரலுக்கு இந்தத் துறையில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற இளைஞர், கையுறையின் விரல் நுனியை வெட்டி, மீன்பிடித் தூண்டிலில் செயற்கை ஈயைக் கட்டும் முடிச்சால் ஒரு கத்தீட்டரோடு கட்டினார். இரத்தக் குழாயை அடைத்த கட்டியை வெளியே இழுத்தெடுக்க அது உதவியது. அதே ஃபோகார்ட்டி 1990களில் திசுக்களைப் பிரித்து இடம் உண்டாக்கும் பலூன்களின் ஆக்கத்திலும் ஈடுபட்டார். அவருடைய கையுறை விரல் சில ஆண்டுகளில் தொழிற்சாலைக்குச் சென்றது. அளவு பெற்றது, சோதனை பெற்றது, உலகெங்கும் ஒரே தரத்தில் கிடைத்தது. மும்பையின் கையுறைக்கு என்ன ஆயிற்று? நம் அறுவை அரங்குகள் பலவற்றில் அது இன்றும் கையுறையாகவே இருக்கிறது. இந்தக் கருத்தரங்கின் முன் நான் வைக்க விரும்பும் ஒரே செய்தி இதைச் சார்ந்ததுதான். அதற்கு முன் பொறியாளர்களிடம் சில சொல்ல வேண்டும்.

கௌரின் அழுத்தமானி காட்டிய எண்ணைத் திசுவின் மேல் விழுந்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்வது தவறு. ரப்பர்ப் பலூனை மேசைமேல் வைத்து ஊதினாலும் அழுத்தம் ஏறும். முதலில் கடினமாக இருக்கும், ஓரளவு விரிந்ததும் எளிதாகும். குழந்தைகள் பலூன் ஊதும்போது காணும் அதே இயற்பியல். மானி காட்டுவது ரப்பர்ச் சுவரின் இறுக்கமும் திசுவின் எதிர்ப்பும் சேர்ந்த தொகை. முதலில் வெளியே ஊதி அளந்து, பிறகு உள்ளே ஊதி அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் திசு தாங்குவது எவ்வளவு என்று தெரியும். நீட்சியற்ற பாலியூரித்தேன் பையில் இந்தச் சிக்கல் இல்லை. பை முழுதாக நிரம்பும் வரை மானி காட்டுவது ஏறக்குறையத் திசுவின் அழுத்தமே. மீள்தன்மை கொண்ட ரப்பர் எதிர்ப்புக் குறைந்த பக்கமாகவே பிதுங்கிப் போகும். வடிவமைத்த பை நாம் கொடுத்த வடிவத்திற்கு வரும். எது எங்கே பொருத்தம் என்பதை நோயாளியின் மேல் கண்டறியக் கூடாது, ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்துவிட்டு வர வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் நிறுத்துங்கள். திசுவைப் பிரிக்கும் பலூன் சில நிமிடங்கள் உள்ளே இருக்கும். பிரித்ததைத் தாங்கிப் பிடிக்கும் பலூன் மணிக்கணக்கில் இருக்கும். முன்னது சற்று அதிக அழுத்தத்தில் வேலை செய்யலாம். பின்னது ஈரலையோ குடலையோ அழுத்திக்கொண்டிருக்கும்போது, நுண்குழாய்களின் இரத்த ஓட்டம் நிற்கும் அளவை, அதாவது ஏறத்தாழ 30 மி.மீ.-யை நெருங்கவே கூடாது. இந்தக் கருத்தரங்கிற்கு வந்த ஆய்வுச் சுருக்கங்கள் பலவற்றில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றாகக் கலந்திருப்பதைக் கண்டேன். ஒரே பலூனை இரண்டுக்கும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், இரண்டு தரங்களுக்கும் அதைச் சோதித்துக் காட்டுங்கள்.

பலூனால் இடம் உண்டாக்கும் முறை மிகப் பரவலாகப் பயன்படுவது தொடை இடுக்குக் குடலிறக்க அறுவையில். வயிற்றுத் தசைக்கும் வயிற்றறையின் உள்ளுறையான பெரிடோனியத்திற்கும் நடுவே பலூனை ஊதி, வயிற்றறைக்குள் போகாமலேயே வலையைப் பொருத்திவிடலாம். கைதேர்ந்தவர்கள் பலர் பலூனே வேண்டாம், டெலஸ்கோப்பின் முனையாலேயே பிரித்துவிடுவோம் என்பார்கள். அவர்கள் செய்வதும் உண்மை. ஆனால் 2001இல் ஸ்வீடனின் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பலூன் பயன்படுத்தியபோது அறுவை வேறு முறைக்கு மாற்றப்பட நேர்வது குறைந்தது என்றும், கற்கும் காலத்தில் அது சிறப்பாக உதவக்கூடும் என்றும் சொன்னது. என் கருத்தும் அதுவே. கைதேர்ந்தவரின் திறமையை அளவுகோலாக வைத்து மாவட்ட மருத்துவமனையின் இளம் மருத்துவருக்குக் கருவி தேவையில்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதே நேரத்தில், முன்பு அந்த இடத்தில் அறுவை நடந்து தழும்பு இறுகிப்போன நோயாளியிடம் பலூனை ஊதினால் அடுக்குகள் இயல்பாகப் பிரியாது, சிறுநீர்ப்பையே கிழியக்கூடும். பலூன் குருட்டுத்தனமாகத் தள்ளும் கருவி. யாருக்கு ஊதக் கூடாது என்று தெரிந்தவர்தான் ஊத வேண்டும்.

இப்போது கையுறைக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பலூன் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியது. விலையோ நம் ஏழை நோயாளிக்கு எட்டாதது. அதனால் உறிஞ்சு குழாயிலோ ரைல்ஸ் டியூபிலோ கையுறை விரலைப் பட்டு நூலால் கட்டி, இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உறுதி செய்து, நம் மருத்துவர்கள் காரியத்தை முடித்திருக்கிறார்கள். சிலர் ஆணுறையைப் பயன்படுத்தினார்கள். பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்த வங்கதேசத்தின் சயீபா அக்தர் அதே ஆணுறையைப் பலூனாக்கியது உலகம் அறிந்த செய்தி. இந்த அறிவுக்கும் பரிவுக்கும் நான் தலைவணங்குகிறேன். அவர்கள் தவிர்த்த பெரிய கீறல்களும் மிச்சப்படுத்திய கூலி நாட்களும் கணக்கில் அடங்காதவை.

ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது அவசரத் தீர்வாகவே நிற்பதை நாம் ஏற்கக் கூடாது. கையுறை மரப்பால் கையை மூடச் செய்யப்பட்டது. எந்த அளவில் வெடிக்கும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை. வெடித்தால் துண்டு உள்ளே தங்கிவிடலாம். முடிச்சு நழுவலாம். மரப்பால் ஒவ்வாமை உள்ள நோயாளிக்கு அது ஆபத்து. இந்தக் குறைகள் எல்லாவற்றிற்கும் பொறியியலில் விடை உண்டு: சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன், தண்டோடு உருக்கி இணைத்த பலூன், இத்தனை மில்லிலிட்டருக்கு மேல் ஊதாதபடி தடுக்கும் வால்வு, எக்ஸ்ரேயில் தெரியும் கோடு. இவற்றில் ஒன்றுகூட நம் கைக்கு எட்டாத தொழில்நுட்பம் இல்லை.

மதுரையைப் பாருங்கள். கௌர் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1992இல்தான் அங்கே அரோலேப் தொடங்கப்பட்டது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் உலகத் தரத்தில் வில்லையை இங்கேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலையில் கொடுத்தார்கள். கண்புரை அறுவைக்கு வேண்டும் என்று நான் முன்பு சொன்ன அந்தப் பாகுத் திரவத்தையும் செய்கிறார்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா நிறுவனம் 1990இல் தன் இதய வால்வை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தியது. மலிவு என்பதும் தரம் என்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. இதயத்தில் ஓயாமல் அசையும் வால்வைச் செய்த நாடு, சில நிமிடம் ஊதி எடுக்கும் பலூனைச் செய்ய முடியாதா? 2017இன் மருத்துவச் சாதன விதிகள் உரிமம் பெறும் வழியையும் இப்போது தெளிவாக வகுத்துவிட்டன. வழி இருக்கிறது. நடப்பவர்கள்தான் வேண்டும்.

வாயுவே இல்லாமல் வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து அறுவை செய்யும் முறையையும் இங்கே மறக்கக் கூடாது. ஜே. ஞானராஜ் போன்ற அறுவை மருத்துவர்கள் வாயு உருளையும் முழு மயக்க வசதியும் இல்லாத ஊர்களில், ஸ்பைனல் ஊசியிலேயே இதைச் செய்து காட்டினார்கள். அந்த அனுபவத்தின் மேல் லீட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து புதிய தூக்குகருவியை வடிவமைத்தார்கள். இதன் தேவை பெரிது: உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று லான்செட் ஆணையம் 2015இல் சொன்னது. தூக்குகருவியோடு ஊதுபையையும் இணைத்தால் குடலை ஒதுக்கும் சிக்கல் தீருமா என்பது நாளைய அமர்வுகளில் ஒன்றின் பொருள். நான் ஆவலோடு கேட்கக் காத்திருக்கிறேன்.

ஊதி விரியும் கருவிகளின் எல்லை இன்னும் விரிந்துகொண்டே போகிறது. நொறுங்கிய முதுகெலும்புக்குள் பலூனை ஊதி, சிமென்ட் நிரப்ப இடம் செய்யும் முறை 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆக்டோபஸின் கையைப் பார்த்து, காற்றால் வளைந்து, தேவைப்படும்போது விறைக்கும் சிலிக்கோன் கருவியை ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் 2012 முதல் உருவாக்கின. இளம் ஆய்வாளர்களை அது ஈர்ப்பது இயல்பு. எனினும் ஆக்டோபஸுக்கு முன்னால் நம் கையுறையை முடித்துவிட்டுப் போங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

இந்த இரண்டு நாளில் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பலூன் எந்தப் பொருளால் ஆனது, எத்தனை மில்லிலிட்டர் ஊதினீர்கள், மானி என்ன காட்டியது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது, எத்தனை வெடித்தன என்பதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்காதீர்கள். வெடித்ததைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அந்த எண்ணைத்தான் பொறியாளர் முதலில் கேட்பார். செவிலியர்களும் பேச வேண்டும். கையுறை விரலைக் கட்டியவர்களும், எடுத்த பிறகு துண்டு முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. கருத்தரங்கு முடியும்போது, தொடை இடுக்குக் குடலிறக்கத்திற்கும் சிறுநீரக அறுவைக்கும் உரிய ஒரு பலூனுக்கான தரக்குறிப்பு, நாம் அனைவரும் கையெழுத்திட்ட ஒரே தாளில், நம் கையில் இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் மாதிரிக் கருவியைச் செய்ய முன்வரும் கல்லூரிக்கு என் நேரத்தையும் உழைப்பையும் தருகிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.